இரண்டு நாள் சாம்பல்

பிள்ளைதான் முதலில் காட்டினாள், போனில்.
கடலுக்கு அந்தப் பக்கம், வாய்க்குள் நுழையாத பெயருள்ள ஒரு மலை
வாயைத் திறந்துகொண்டு நின்றது.
சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தாள்.
சத்தமே இல்லாமல் கறுப்பாய்ப் பொங்கி
பூக்கோவா போலச் சுருண்டு சுருண்டு ஏறியது.
பிறகு காற்று அதைப் பிடித்து ஒரு பக்கமாய் இழுத்தது,
ஸ்டோர் புகையை இழுப்பது மாதிரி.

எங்களுக்குத் தெரிந்த மலை வேறு.
விடிந்தால் நாங்கள் அதனிடம் போவோம்.
மழை கூடினால் அது எங்களிடம் வரும்,
மண்ணோடு, மரத்தோடு, சில வருஷம் லயத்தின் மேலேயே.
இப்படி வானத்துக்கு ஏறிப்போகிற மலையை
பொகவந்தலாவை அன்றுதான் பார்த்தது.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரிஸ்வி நானா வந்தார்,
வானைக் கழுவி, டீசலும் அடித்துவிட்டு.
"கட்டுநாயக்காவுக்குப் போற வேல இல்ல தம்பி.
தமாம் பிளேன் வராதாம். ரெண்டு நாளாகுமாம்."
பிரட்டில் பேர் விழாத ஆள் மாதிரி
அவளுடைய பிளேனைப் பலகையிலிருந்து வெட்டிவிட்டார்கள்.
சாம்பல் எஞ்சினுக்குள் போனால் உருகிக்
கண்ணாடியாய் ஒட்டிக்கொள்ளுமாம்.
"அடுப்புச் சாம்பல்தானே?" என்றாள் பிள்ளை.
"இல்ல மகள், அது சட்டி தேய்க்க ஒதவாது."

பிள்ளை அழுதாள். பலூன்களை ஊதி
காம்பரா முழுக்கக் கட்டியிருந்தாள்.
நானும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டேன்.
சொல்லக் கூடாது, ஆனாலும் எழுதுகிறேன்:
நெஞ்சுக்குள் யாரோ ஒரு பாரத்தை இறக்கி வைத்தார்கள்.

கமலவேணி போகும்போது தோட்டைக் கழற்றி
ஒரு தீப்பெட்டிக்குள் போட்டு என் கையில் தந்தாள்.
ஓட்டை தூர்ந்துவிடாமல் இருக்க
ஆளுக்கொரு துண்டு ஈர்க்கு, இரண்டு காதுக்கும்.
அப்படித்தான் பிளேன் ஏறினாள்.
நாலு வருஷம்.
தீப்பெட்டி இருக்கிறது.
தோடு ஹட்டனில், அடகுக் கடையில்.
பாதிக் காசு பிள்ளைக்கு டெங்கு வந்தபோது போனது.
மற்றப் பாதியைப் பற்றி
நோர்வூட் சாராயக் கடையில் விசாரியுங்கள்.

அத்தனை பெரிய மலை
அத்தனை தூரத்தில் குடல் கிழிய வெடித்து
ஒரு கடன்காரனுக்கு இரண்டு நாள் தவணை தந்திருக்கிறது.

சீட்டுக் காசை முன்கூட்டி எடுத்தேன்.
முற்றாத லீக்ஸைப் பாத்தியோடு விற்றேன்.
மச்சானிடம் பல்லைக் காட்டினேன்.
விடியற்காலை முதல் பஸ். ஹட்டன்.
கடை இழுத்துப் பூட்டிக் கிடந்தது.
"போயா" என்றான் காவல்காரன்,
பகலில் இல்லாத நிலவை நோக்கித் தாடையைத் தூக்கி.
மேலே பார்த்தேன். வழக்கமான பனிதான்.
எரிமலை கொடுத்த முதல் நாள்
அரைப்பேராய்ப் போனது.

இரவு அவள் பேசினாள்.
பின்னால் ஆயிரம் பேருடைய இரைச்சல்.
தயாராய் வைத்திருந்த பொய்யை நான் எடுக்கும் முன்னால்
"இங்க பாருங்களே" என்றாள்.
அந்தக் குரலை நான் மறந்தே போயிருந்தேன்.
"பகல் முழுக்கத் தூங்கினேன்.
தரையிலதான், பொட்டியத் தலைக்கி வச்சிக்கிட்டு.
நாலு வருஷத்துல இன்னிக்கித்தான்
என்னைய யாரும் கூப்பிடல."

சாப்பாட்டுக்குச் சீட்டுக் கொடுத்தார்களாம்.
பக்கத்தில் மாத்தளைப் பிள்ளை ஒன்று, அதுவும் வீட்டு வேலைதான்.
"ரெண்டு பேரும் கண்ணாடிகிட்ட ஒக்காந்து வெளிய பாக்குறோம்.
சாம்பல்ங்கிறாங்க. நம்ம பக்கத்துப் பனியாட்டந்தான் இருக்கு.
இன்னும் ரெண்டு நாள் இப்பிடியே கெடந்தாலும்..."
சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.
நானும் எதுவும் கேட்கவில்லை.

"காதுல ஈர்க்கு இருக்கா?" என்றேன், கடைசியில்.
"அதெல்லாம் எப்பவோ ஒடஞ்சிருச்சி.
ஒரு பக்கம் தூந்தே போச்சி."
பஸ் தவறியதைச் சொல்வது போலச் சொன்னாள்.

மறுநாள் கடை திறந்தது. இரண்டையும் மீட்டேன்.
தீப்பெட்டியை ஆட்டிப் பார்த்துக்கொண்டே லயத்துக்கு ஏறினேன்.
பாதிப் பலூன் சுருங்கிவிட்டது, பிள்ளை மறுபடி ஊதுகிறாள்.
கீழே ரோட்டில் ரிஸ்வி நானா
மறுபடியும் வானைக் கழுவிக்கொண்டிருந்தார்.